பவுடர் படியேறாத வீடு

786

கீழப்பழுவூர்
22-8-1999

அன்பு மருமகன் அஸ்ஃபாக்குக்கு, உன் தாய்மாமன் சைபுல்லா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும், உன் வீட்டார் மர்ஜியாவும், உன் செல்ல மகள் இஃப்பத்தும் அல்லாஹ் புண்ணியத்தில் சுகம். தம்மாமில் வெயில் எப்படி, உன் கம்பெனியில் வேலை எப்படி என்று விவரமாக எழுதவும்.

முதல் விஷயம். இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். ஜூன் மாதம் நீ லீவில் வந்து புது வீடு குடிபோன அன்றைக்கு, பிரியாணிச் சட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, நாற்பது பேர் காதுபட என்ன சொன்னேன்? 'நாற்பது நாளைக்குள் இந்த வீட்டைத் தேடி வாயில்லா ஜீவன் ஒன்று தானாக வரும்' என்றேனா இல்லையா? நீகூடச் சிரித்தாய். இப்போது சிரி பார்க்கலாம். பூனை வந்துவிட்டது. சரியாக முப்பத்தெட்டாவது நாள். அறுபது நாளுக்கு மேல் ஆகிறது என்று மர்ஜியா சொல்கிறாள். அவள் கணக்கை விடு.

அது வந்த விதம் கேள். தினம் மதியம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சங்கு ஊதி வெடி வைப்பார்கள் அல்லவா? போன திங்கட்கிழமை வெடித்த புகை அடங்கவில்லை, பள்ளத்துக்குள்ளிருந்து குழந்தை அழுகிற மாதிரி ஒரு குரல். சுரங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். நான்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இருநூறு அடி கயிற்றில் இறங்கினேன். இதை லாரி டிரைவர் அண்ணாதுரையிடம் கேட்டுவிடாதே. கல்லோடு கல்லாக அவன் டிப்பரில் வந்ததாம், பஸ் ஸ்டாப்பில் டீ குடிக்க நிறுத்தியபோது பார்த்தானாம், சாக்கில் பிடித்து என் சைக்கிள் கடை வாசலில் வைத்தானாம். லாரிக்காரன் பேச்சை எல்லாம் யார் நம்புவார்கள்?

உடம்பு முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. கண் இரண்டும்தான் தெரிந்தது. இடது காது பாதி இல்லை. உன் மகள் பார்த்ததும் 'பவுடர்' என்று பேர் வைத்துவிட்டாள். சாக்கோடு உன் வீட்டுக்குத் தூக்கிப்போய் அவிழ்த்துவிட்டேன். ஒரே பாய்ச்சல். பின் ரூமில் மர்ஜியாவின் கட்டிலுக்கு அடியில், இரும்புப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒடுங்கியதுதான். ஆறு நாள் ஆயிற்று, வால் நுனிகூட வெளியே வரவில்லை. வைத்த சோறு ஆள் இல்லாத நேரம் பார்த்துக் காலியாகிறது. மதியம் சங்குச் சத்தம் கேட்டால் போதும், தரையோடு தரையாகக் கோலிக்குண்டு கண்ணை வைத்துக்கொண்டு படுத்துவிடுகிறது. இஃப்பத் குனிந்து குனிந்து கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போனது.

நான் விடுவேனா? எட்டே நாளில் இது என் மடியில் படுத்து உறங்கும் என்று உன் மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அரும்பாவூரில் இருந்த காலத்தில் பச்சைமலைச் சிறுத்தைக் குட்டி ஒன்றுக்கு நான் பால் புகட்டிய கதை உனக்குத் தெரியும். பூனை எம்மாத்திரம்?

வீட்டைப் பற்றி நீ ஒரு கவலையும் படாதே. சுரங்கத்தில் வெடி வைத்தால் சுற்றியிருக்கிற ஓட்டு வீடெல்லாம் கிடுகிடுக்கிறது, உன் வீட்டில் தம்ளர் தண்ணீர்கூட ஆடுவதில்லை. ஆடாது. கடக்கால் தோண்டிய அன்றைக்கு ஒன்பதடிக் குழியில் நானே இறங்கிக் கடப்பாரையை ஓங்கிப் போட்டேனே, 'ணங்!' என்றதே, அப்போதே உனக்கு எழுதினேனே, மறந்துவிட்டாயா? நெருப்புப் பொறி பறந்தது. கொத்தனார் அழகேசன் காதைப் பொத்திக்கொண்டார். அத்தனையும் பாறை. அந்தப் பாறை மேல்தான் உன் வீடு உட்கார்ந்திருக்கிறது.

இப்படிக்கு உன் நலம் நாடும் மாமன்,
ஏ. சைபுல்லா,
சைபுல்லா வாடகை சைக்கிள் நிலையம், பஸ் ஸ்டாப் எதிரில்.


786

கீழப்பழுவூர்
19-9-1999

அன்பு மருமகனுக்கு சலாம். நீ எழுதிய கடிதம் போன புதன் கிடைத்தது. படித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உன் ரூமில் இருக்கிற பதினோரு பேருக்கும் 'ணங்' கதையைச் சொன்னதாகவும், ஊரில் வீடு கட்டுகிற கடையநல்லூர்க்காரர் ஒருவர் 'இப்படி ஒரு மாமன் எனக்கு இல்லையே' என்று ஏங்கியதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன்.

பூனை விஷயம். எட்டு நாளில் என்று சொன்னேன், இருபத்தெட்டு நாள் ஆகிவிட்டது. ஒன்றும் தோல்வி இல்லை. பூனையின் குணம் அப்படி. முதல் வாரம் நான் தப்பாகப் போய்விட்டேன். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, என் சிறுத்தைக் கதை முழுவதையும் அதற்குச் சொல்லிப் பார்த்தேன். சுவரைப் பிளந்துகொண்டு போய்விடும் போலப் பின்னால் பின்னால் ஒதுங்கியது. வாசற்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மர்ஜியா அப்போது சொன்னாள்: "மாமா, அது ஒங்களப் பாத்து பயப்படல. ஒங்க வாயப் பாத்துத்தான் பயப்படுது. செத்த மூடிக்கிட்டு ஒக்காந்து பாருங்க." உன் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். உன் மாமன் பொறுத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து வைத்தியத்தை மாற்றினேன். திருமானூர் பஸ்ஸில் வருகிற கூடைக்காரியிடம் கொள்ளிடத்துக் கெண்டைத் தலை வாங்குவது. கட்டிலுக்கு மூன்று முழம் தள்ளி வைப்பது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வெறும் தரையில் உட்காருவது. பேசக்கூடாது. கண்ணுக்குக் கண் பார்க்கக்கூடாது. அஸ்ஃபாக், நான் பிறந்து ஐம்பத்தாறு வருஷத்தில் பதினேழு நிமிஷம் சேர்ந்தாற்போலப் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். உயிரோடு இருக்கிறேனா என்று மர்ஜியா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பத்தாவது நாள் மூக்கு வந்தது. பதினான்காவது நாள் முன்கால் இரண்டும் வந்தன. மீன் தலையை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடும். பிறகு ஓடாமல் அங்கேயே தின்றது. நேற்று முன்தினம் என் பழைய லுங்கியைத் தரையில் விரித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்து அதன் ஓரத்தில் படுத்தது. என் பெருவிரலுக்கும் அதன் முதுகுக்கும் நடுவில் ஒரு ஜாண் கூட இல்லை. அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். நக்கி நக்கிச் சுண்ணாம்பெல்லாம் போய்விட்டது. இது வெள்ளைப் பூனையே இல்லை, நல்ல செவலை. ஆனாலும் இஃப்பத் பேரை மாற்ற மாட்டேன் என்கிறாள்.

இன்னொரு வேடிக்கை எழுதுகிறேன். பேசாமல் உட்கார்ந்தால் என்னென்னவோ கேட்கிறது. அந்த ரூமில் தரைக்கு அடியிலிருந்து, மூட்டையில் ஓட்டை விழுந்து அரிசி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். சர்ர்ர்... என்று கொஞ்ச நேரம். நின்றுவிடும். பிறகு மறுபடி. பூனையும் அதைக் கேட்கிறது. மீனைத் தின்பதை நிறுத்திவிட்டு, இருக்கிற ஒரே நல்ல காதைத் தரைப் பக்கம் சாய்த்து வைத்துக்கொள்கிறது. மர்ஜியாவைக் கூப்பிட்டேன். அவள் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. "ஆமா மாமா, தரைக்கடியில கல்யாண ஊர்வலம் போவுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பெருச்சாளியாக இருக்கும். கீழே பாறை இருந்தாலும் மேல் மண்ணில் பெருச்சாளி வளை பறிக்கும், அது அதன் வழக்கம். எலிப்பாஷாணம் வைக்கலாம் என்றால் பூனை தின்றுவிடும். அதனால் விட்டுவிட்டேன்.

கொத்தனார் அழகேசன் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். ஊரில் இருந்தால் கூட்டிவந்து காட்டியிருப்பேன். அவசியம் ஒன்றும் இல்லை. சும்மா பேச்சுக்கு எழுதுகிறேன்.

மர்ஜியா உனக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ரெங்கம்மாள் டீச்சர் வீட்டுக்குப் போன் பண்ணும்போது எனக்காகவும் இரண்டு வார்த்தை பேசு. நீ லைனில் இருக்கும்போது டீச்சர் என்னை உள்ளே விடுவதில்லை. நான் பேச ஆரம்பித்தால் உன் ஒரு மாதச் சம்பளம் போய்விடுமாம்.

இப்படிக்கு,
பூனையை வென்ற உன் மாமன்,
ஏ. சைபுல்லா.


786

கீழப்பழுவூர்
17-10-1999

அன்பு மருமகனுக்கு சலாம். பூனை குட்டி போட்டிருக்கிறது! அது பெண் என்று முதல் நாளே எனக்குத் தெரியும், சபையில் சொல்லவில்லை, அவ்வளவுதான். பின் ரூம் சுவர் அலமாரியில், கீழ்த்தட்டில், மர்ஜியாவின் பழைய துப்பட்டி மேல் மூன்று குட்டி. இரண்டு செவலை, ஒன்று கறுப்பு. அவை பிறந்த அன்றைக்கு நான் போய் உட்கார்ந்தபோது பவுடர் சீறவில்லை. என் கையை முகர்ந்து பார்த்தது. பிறகு தன் தலையை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தியது பார், எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பெற்ற வயிற்றோடு இருக்கிற பூனை ஆளை அண்டவிடாது. என்னை விட்டது. இதில் ஒரு சொல்கூடக் கூட்டி எழுதவில்லை. இஃப்பத் சாட்சி.

இரண்டு வாரம் அலமாரியில் நன்றாக இருந்தது. போன ஞாயிறு காலையில் பார்த்தால் கறுப்புக் குட்டியைக் காணோம். வீடெல்லாம் தேடி, கடைசியில் பார்த்தால் என் கடையில் இருக்கிறது! ரோட்டுக்கு அந்தப் பக்கம், பழைய டயர்க் குவியலுக்குள். லாரி போகிற ரோட்டைத் தாண்டி வாயில் கவ்விக்கொண்டு வந்திருக்கிறது. மதியத்துக்குள் இரண்டாவது, அஸர் தொழுகைக்குள் மூன்றாவது. ஊரே வேடிக்கை பார்த்தது. நான் எல்லோரிடமும் சொன்னேன்: 'பாருங்கள், என் மேல் அதற்கு எவ்வளவு நம்பிக்கை! பிள்ளைகளைக் கொண்டுவந்து என்னிடம் ஒப்படைக்கிறது!' டீக்கடையில் கைதட்டாத குறை.

ஆனால் ஒன்று புரியவில்லை. அதற்குப் பிறகு அது உன் வீட்டுக்குள் நுழைவதே இல்லை. சாயங்காலம் இஃப்பத் ஸ்கூல் விட்டு வருகிற நேரத்துக்கு கேட் வரை வரும். அவள் காலைச் சுற்றும். அவள் வாசற்படி ஏறினால் அங்கேயே உட்கார்ந்து கத்தும். தொண்டை கிழிகிற மாதிரி ஒரு கத்தல். வியாழக்கிழமை உன் மகள் அழுதுகொண்டே அதைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். பின் ரூம் வாசலை மிதித்ததும், இதுவரை நகம் காட்டாத பூனை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கீறிவிட்டு ஓடிவிட்டது. ஊசி போட்டாகிவிட்டது, பயப்படாதே. காய்ச்சல் ஒன்றும் இல்லை.

மர்ஜியா உனக்கு ஏதோ வெடிப்பு என்று எழுதினாளாம், நீ பதறிப்போய் என்னைக் கேட்டிருக்கிறாய். புது வீடு என்றால் சுவர் மூச்சு விடும் மருமகனே. பின் ரூமில் வடக்குச் சுவரில் நூல் கனத்துக்கு ஒரு கோடு. நானே சிமெண்ட் குழைத்துப் பூசினேன். பூசிய இடத்திலேயே மறுபடி விட்டிருக்கிறது. இப்போது விரல் நகம் போகும். அந்த ரூம் கதவும் சாத்த வரவில்லை. தச்சனைக் கூப்பிட்டு இரண்டு தடவை இழைத்துவிட்டோம். மரம் ஈரத்தில் ஊதியிருக்கும் என்றேன். "இன்னும் மழையே பேயல, ஈரம் எங்கேருந்து வந்துச்சு பாய்?" என்று கேட்கிறான். தச்சனுக்கு வாய் ஜாஸ்தி. கொல்லையில் துணி துவைக்கிற கல்லும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. சோப்பு வைத்தால் வழுக்கி ஓடுகிறது.

கடக்கால் பாறை மேல்தானே என்று கேட்டிருந்தாய். ஆமாம். பாறை மேல்தான்.

வடகிழக்கில் மேகம் கட்டுகிறது. மழைக்கு முன்னால் மர்ஜியாவும் பிள்ளையும் பத்து நாள் லெப்பைக்குடிக்காட்டில் அவள் அத்தா வீட்டில் இருந்துவிட்டு வரட்டுமே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். புது வீட்டைப் பூட்டிப்போட மாட்டாளாம். நீயும் 'விளக்கு எரியாத வீடாகப் போட்டுவிடாதே' என்று போனில் சொல்லியிருக்கிறாயாம். சொன்னது சரிதான். ஆனாலும் பத்து நாள்தானே. நீ யோசித்துச் சொல்.

துஆவுடன்,
மாமன் சைபுல்லா.


786

கீழப்பழுவூர்
10-11-1999, புதன்

அஸ்ஃபாக்குக்கு சலாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. லெப்பைக்குடிக்காடு முகமது அனஸ் இன்று சென்னைக்குப் பஸ் ஏறுகிறான். நாளைக்கு அவனுக்கு ப்ளைட். வெள்ளிக்கிழமை காலையில் உன் ரூமுக்கு வந்து, உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறான். நீ ஜும்ஆவுக்குப் போவதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு.

ஐந்து நாளாக மழை. திங்கட்கிழமை காலையில் கொல்லையில் துவைக்கிற கல்லைக் காணோம். யாரும் தூக்கிப்போகவில்லை. அது இருந்த இடத்தில் ஒரு குழி. கிணற்று வாய் அளவு. மர்ஜியா அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தக் கல் மேல் நின்று துணி பிழிந்திருக்கிறாள். நான் கயிற்றில் செங்கல்லைக் கட்டி உள்ளே விட்டேன். கடையில் இருந்த இரண்டாவது கயிற்றையும் அதோடு முடிந்து விட்டேன். தரை தட்டவில்லை. நான் கூட்டிச் சொல்கிற ஆள் என்று உனக்குத் தெரியும். இதில் கூட்டவில்லை. தரை தட்டவில்லை.

தெருக்காரர்கள் சேர்ந்து இரண்டு வண்டி மண் கொண்டுவந்து கொட்டினார்கள். நேற்றுக் காலையில் அந்த மண்ணும் இல்லை.

குழியின் விளிம்புக்கும் பின் ரூம் சுவருக்கும் நடுவில் திங்கட்கிழமை என் சைக்கிளை நிறுத்தினேன், சரியாக நின்றது. நேற்று நிறுத்த முடியவில்லை. இன்று ஒரு சக்கரத்துக்குத்தான் இடம் இருக்கிறது.

அந்த ரூமில்தான் மர்ஜியாவும் பிள்ளையும் படுக்கிறார்கள். உள்தாழ்ப்பாள் இருப்பது அங்கே மட்டும்தான் என்று உனக்கே தெரியும். கதவு சாத்த வரவில்லை என்பதால் இப்போது தாழ்ப்பாளைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு படுக்கிறாள். யோசித்துப் பார். அவசரத்துக்கு வெளியே வரவேண்டுமென்றால் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும்.

நான் சொல்லிப் பார்க்கவில்லை என்று நினைக்காதே. திங்கட்கிழமையே போனேன். என் வாய் இருக்கிறதே, அது என் பேச்சைக் கேட்பதில்லை. 'பூமி நாற்பதடி பிளக்கப்போகிறது, தஞ்சாவூர் வரைக்கும் இழுக்கும், சென்னையிலிருந்து பெரிய பெரிய ஆபீசர்கள் சொல்லிவிட்டார்கள்' என்றெல்லாம் வந்துவிட்டது. பயத்தில் வந்தது. மர்ஜியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ரெண்டு வருசத்துக்கு முன்ன மருதையாறு ஒடச்சிக்கிட்டு வருதுன்னீங்க. தெருவே பள்ளிவாசல் மாடில ஏறி விடிய விடிய நின்னோம். வந்துச்சா மாமா?" வரவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் என் கடையும் டீச்சர் வீடும் கெட்டியான இடத்தில் இருக்கின்றன. இங்கே வந்து படுங்கள் என்று டீச்சரும் கூப்பிட்டுவிட்டார். அதற்கும் அவள் அசையவில்லை. அவரிடம் அவள் சொன்னது இது: "டீச்சர், கொல்லையில பள்ளம் விழுந்தா விழுந்துட்டுப் போவுது. வூடு பாறை மேல நிக்கிது. ணங்குன்னு கேட்டுச்சாம். எங்க வூட்டுக்காரரு அந்தச் சத்தத்த நம்பித்தான் அங்க நிம்மதியா தூங்குறாரு. நா பயந்து ஓடினேன்னு கேட்டா அவரு மனசு என்ன ஆவும்?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். கடைக்கு வந்துவிட்டேன்.

இதைக் கடையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கடை பாதி மூடியிருக்கிறது, மழைக்கு யார் சைக்கிள் எடுப்பார்கள்? டயருக்குள் மூன்று குட்டியும் ஒன்றின் மேல் ஒன்றாக உறங்குகின்றன. பவுடர் என் பாதத்தின் மேல் படுத்திருக்கிறது. நேற்று அதைத் தோளில் போட்டுக்கொண்டு உன் வீட்டு கேட் வரை போய்ப் பார்த்தேன். என்னிடமிருந்து குதித்து ஓடவில்லை. நகத்தை என் சட்டைக்குள் இறக்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உடம்பெல்லாம் நடுக்கம். வீட்டைப் பார்க்கிறது, என் முகத்தைப் பார்க்கிறது. அஸ்ஃபாக், அந்தப் பூனை என்னை நம்புகிறது. நான் கட்டிக்கொடுத்த வீட்டைத்தான் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை போனில் மர்ஜியாவிடம் நீ சொல்லு. உன் சொல் ஒன்றுக்குத்தான் அவள் அந்த வீட்டை விட்டு வருவாள். சாமான் எதையும் எடுக்க வேண்டாம். பிள்ளையின் புத்தகப் பையைக்கூட. போன் பேசிவிட்டு டீச்சர் வீட்டிலிருந்து அவள் மறுபடி அந்த வாசற்படி ஏறக்கூடாது. நான் ஸ்கூலுக்கு நேரே போய் இஃப்பத்தைக் கூட்டிவந்துவிடுகிறேன். அதுவரை இரண்டு நாள். மழை விட வேண்டும் என்று துஆ செய்துகொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்ய?

நீயும் சிரிப்பாய் என்று தெரியும். 'மாமா மறுபடி ஆரம்பித்துவிட்டார்' என்று உன் ரூமில் படித்துக் காட்டுவாய். அப்படிப் படித்துக் காட்டாமல் இருப்பதற்காக ஒன்று எழுத வேண்டும். அதைக் கையெழுத்துக்குக் கீழே எழுதுகிறேன். இங்கே எழுதப் பேனா நகரவில்லை.

உன் அம்மா ஹபீபா மௌத்தாகும்போது உன் கையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அல்லாஹ் உன்னையும், உன் வீட்டாரையும், என் கண்மணி இஃப்பத்தையும் தன் காவலில் வைத்திருப்பானாக. இந்த வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்தாலும் போதும், அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்.

சைபுல்லா.

கடக்கால் தோண்டிய அன்று ஒன்பதடிக்குப் போயும் யாரும் தோண்டாத கன்னி மண் வரவில்லை. உடைந்த ஓடு வந்தது, மாட்டெலும்பு வந்தது, சுரங்கத்துக் கழிவு மண் வந்தது. எந்தக் காலத்திலோ கல்லெடுத்துவிட்டு ரொப்பிய பள்ளம் அது. "பாய், இது வேணாம், இடத்த மாத்திக்குங்க" என்று அழகேசன் சொன்னார். மறுநாள் காலையில் முதல் கல் வைக்க ஹஜ்ரத்தையும் ஜமாத்தார் எல்லோரையும் அழைத்திருந்தேன். இடம் நான் பார்த்த இடம், பாறை இடம் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தேன். மூடிவிட்டுக் கட்டுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். கடப்பாரையை நான்தான் போட்டேன், அது நிஜம். ணங் என்று கேட்கவில்லை மருமகனே. ஒரு சத்தமும் கேட்கவில்லை. பாதிக் கடப்பாரை உள்ளே போய்விட்டது.